குரங்கின் தலையில் பழி போடலாமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோதியது. இலங்கை முழுவதும் கரண்ட் போனது. அன்றிலிருந்து காற்று, சூரிய மின்சாரம் பற்றி ஆளுக்கொரு கதை. அவசரத்துக்குக் கைகொடுக்க அயல்நாட்டோடு மின்கம்பித் தொடர்பு எதுவும் இல்லாத தீவு இது. கதை எது, உண்மை எது என்று பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: நாட்டை இருட்டாக்கியது குரங்குதான்.

உண்மை: குரங்கோ அணிலோ மரக்கிளையோ, இப்படியான பழுது எந்த மின்கட்டமைப்பிலும் வரும். ஒரு பழுதைத் தாங்கி நிற்கும்படிதான் அதை நடத்த வேண்டும். அன்று விடுமுறை நாள், பாவனை குறைவு, நல்ல வெயில். சூரிய மின்சாரத்தின் பங்கு ஏறியிருந்ததால், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. அனல், நீர் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஓடும் சைக்கிளைப் போல, பழுது வந்த கணத்திலும் சுழன்றபடி மின்சாரத்தின் மீடிறன் (frequency) 50 ஹேர்ட்ஸிலிருந்து சரிவதை மெதுவாக்கும். சூரியத் தகட்டில் சுழல எதுவும் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் அன்று நின்றுபோயின. அவற்றை உடனே ஓட்ட முடியாததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு.

நம்பிக்கை: கூரையில் சூரியத் தகடு இருந்தால் ஊர் இருண்டாலும் நம் வீட்டில் வெளிச்சம்.

உண்மை: பெரும்பாலான வீட்டு இன்வேர்ட்டர்கள் கம்பியில் வரும் மீடிறனைப் பார்த்து அதன் பின்னால் ஓடுபவை. கம்பி செத்தால் அவையும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிர் போகும்.

நம்பிக்கை: மின்சாரம் மிஞ்சினால் லாபம்தானே?

உண்மை: பாவனைக்கு மேல் உற்பத்தி ஏறினால் மீடிறனும் ஏறும், அதுவும் ஆபத்து. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டது இதனால்தான். சபையால் தானே நிறுத்த முடியாமல், வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நம்பிக்கை: எஞ்சின் ஓடாமல் ஒரு தீவுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது.

உண்மை: அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவுக்கு அருகே உள்ள கிங் தீவில் கொடுக்கிறார்கள். அங்கே டீசல் எஞ்சினுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் நடுவில் ஒரு கிளட்ச். காற்று நன்றாக வீசும்போது கிளட்ச் விடுபட்டு எஞ்சின் நின்றுவிடும். மின்பிறப்பாக்கியும் கனத்த சக்கரமும் மட்டும் சுழன்று மீடிறனைத் தாங்கும். மிஞ்சும் மின்சாரத்தை ஒரு பெரிய மின்தடையில் வெப்பமாக எரித்துவிடுகிறார்கள். பார்த்தால் வீண்செலவு. ஆனால் காற்று சட்டென்று விழும்போது, எரிப்பதைக் குறைத்த மறுகணமே அந்த மின்சாரம் ஊருக்குப் போகிறது.

நம்பிக்கை: பேட்டரி என்பது பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்க.

உண்மை: அது ஒரு வேலை மட்டுமே. கிங் தீவின் பேட்டரி 3 மெகாவாட், கொள்ளளவு 1.6 மெகாவாட் மணி. முழுவேகத்தில் கொடுத்தால் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். காற்று விழுந்த நொடியிலிருந்து டீசல் எஞ்சின் பொறுப்பேற்கும்வரை ஈடுகொடுப்பதற்கு அதுவே போதும்.

இலங்கையிலும் இந்த வழி தெரியாததல்ல. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்காக 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோடு கையெழுத்தான திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரிய மின்சாரமும் 530 கிலோவாட் காற்று மின்சாரமும் உண்டு. கூடவே 2,400 கிலோவாட் மணி பேட்டரியும் மாற்று ஏற்பாடாக டீசலும் அதே ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஆனால் பெருநிலத்தில் தகடுகள் முதலில் ஏறிவிட்டன. பேட்டரி போன்று அவற்றைத் தாங்க வேண்டியவை இன்னும் பின்னால் வருகின்றன. பழி போட வேண்டுமென்றால் அந்த இடைவெளியின்மேல் போடலாம்.