புயல் கூண்டு சொல்வதும் சொல்லாததும்



நவம்பர் பிறந்துவிட்டால் நம்ம ஊர்க்காரர்கள் பேப்பரில் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான். "கடலூர் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு?" கூண்டு ஏறினால் பயப்படுவோம், இறக்கினால் நிம்மதியாகத் தூங்கப் போவோம். ஆனால் நம் மாவட்டத்தின் பழைய சேதங்களை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் கூண்டு சொல்லாத வழியில் வந்தவை. அதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் கூண்டு என்பது என்ன? அது கப்பல்களுக்காக ஏற்பட்டது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏற்றுவார்கள். 1, 2 என்றால் தூரத்தில் கடலில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 புயல். 8, 9, 10 கடும்புயல். இதில் 5-ம் 8-ம் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் போகும் என்றும், 6-ம் 9-ம் வலப்பக்கம் விட்டுப் போகும் என்றும், 7-ம் 10-ம் துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடக்கும் என்றும் பொருள். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. (பத்தைவிடப் பதினொன்று பெரிய புயல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.) ஆக, துறைமுகத்தில் கடலும் காற்றும் எப்படி இருக்கும் என்பதைத்தான் கூண்டு சொல்லும். ஆற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கூண்டே இல்லாத காலத்துக் கதை ஒன்று. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே புனித டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறதல்லவா? 1749 ஏப்ரலில் அதன் எதிரே ஆங்கிலேயக் கடற்படை நங்கூரம் போட்டிருந்தது. திடீரென்று புயல். தளபதி போஸ்காவனின் தலைமைக் கப்பலான 'நாமூர்' மூழ்கி ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். 'பெம்புரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலில் முந்நூறு பேருக்கு மேல். போஸ்காவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். கவனிக்க வேண்டியது மாதம்! நமக்குப் புயல் மாதம் ஐப்பசி, கார்த்திகை. இது வந்ததோ கோடையில்.

2004 டிசம்பர் 26 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்று வானத்தில் மழை மேகம் இல்லை, காற்று இல்லை, கூண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 6.29-க்கு சுமத்திராவில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அலை இங்கே வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல ஆள் இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-ல்தான் வந்தது. சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காட்டுக்கு முன்னால் மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு நாசமாயிற்று. காடுதான் காத்தது என்று சில விஞ்ஞானிகள் எழுத, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். எனக்கு இரண்டுமே உண்மையாகத்தான் படுகிறது.

2011 டிசம்பர் 30 'தானே' புயல், கூண்டு சொன்னபடியே வந்தது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று மெக்கானிக்ஸில் படிக்கிறோம். 70 கி.மீ. காற்றைவிட 140 கி.மீ. காற்று இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு தள்ளும். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. என் மாமாவுக்கு அங்கே கொஞ்சம் பலா இருந்தது. "வீடு போனா ஆறு மாசத்துல கட்டிடலாம், பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்டா" என்பார்.

2015 நவம்பர் 9-ல் புதுச்சேரி அருகே கரை கடந்தது புயல்கூட இல்லை, வெறும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆனால் நெய்வேலியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஊர்களில் ஓடை வெள்ளம் வீடுகளையும் ஆட்களையும் அடித்துச் சென்றது. கடற்கரையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள். 2020 டிசம்பரில் 'புரெவி' இந்தப் பக்கமே வரவில்லை. மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றுவிட்டது. ஆனாலும் சிதம்பரத்தில் 30 செ.மீ.க்கு மேல் மழை. நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

ஏன் இப்படி? நம் மாவட்டம் ஒரு வடிகால். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என எல்லாம் இங்கேதான் கடலில் சேர்கின்றன. தரையோ தட்டை. கடல் கொந்தளித்து, காற்றும் கரை நோக்கி அடித்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காது, எதிர்த்து நிற்கும்.

2024 'ஃபெஞ்சல்' இதற்கு நல்ல உதாரணம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் வீடு தென்பெண்ணைக் கரையில். மறுநாள் "காத்து ஓஞ்சிடுச்சு, இனிமே பயமில்ல" என்று அப்பா கூரையைச் சரி செய்ய ஆரம்பித்துவிட்டார். ஆனால் புயலின் மிச்சம் மேற்கே போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுக்க சாத்தனூர் அணைக்கு வரவேண்டியது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விட்டது 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல்!

அணைக்கும் கடலூருக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அத்தனை தூரம் வெள்ளம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். உயிர் பிழைப்பது அந்த மணிகளில்தான். எங்களுக்குச் சேதி சொன்னது திருக்கோவிலூர் அத்தை. போனில் "அண்ணே, இங்க ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போவுது, கெளம்புங்க" என்றார். அம்மா முதலில் எடுத்தது என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை. எங்கள் வம்சத்தில் அப்படி ஒரு காகிதம் அதுதான் முதல். அடுத்துதான் ரேஷன் கார்டு, ஆடு. தண்ணீர் வடிந்து திரும்பியபோது சுவரில் சேற்றுக்கோடு 3 அடி 4 அங்குலத்தில் இருந்தது; டேப் வைத்து அளந்தேன்.

இப்போது அத்தை நம்பரை அந்தக் கோட்டுக்கு மேலே கரியால் எழுதி வைத்திருக்கிறார் அப்பா. கூண்டு இறக்கினாலும் இரண்டு நாளைக்கு அத்தைக்குப் போன் போடுவது என் வேலை. எங்களுக்குக் கீழே, தாழங்குடாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு நாங்கள் சொல்ல வேண்டும்.