பேர் வெட்டிய பிறகு மருத்துவச் செலவுக்கு வழி

வேலை போன பிறகு முதலாளி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதியைத் தொழிலாளி தானே பணம் கட்டித் தொடரும் உரிமை இலங்கைச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் அது உண்டு: வேலை இழந்தவர் 60 நாட்களுக்குள் விருப்பம் தெரிவித்து, முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுக் கட்டணத்தையும், அதற்கு மேல் 2 சதவீதத்தையும் கட்டினால், வழக்கமாக 18 மாதங்கள் பழைய காப்புறுதியிலேயே இருக்கலாம். சப்ரகமுவத் தோட்டங்களில் செக்ரோலிலிருந்து (வேலைப் பதிவேட்டிலிருந்து) பேர் வெட்டுப்பட்டவருக்கு அந்த வழி கிடையாது. எது நின்றுபோகும், எது தொடரும், எந்தப் பணம் கைக்கு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு அவரே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவற்றில் பாதி வேலையை விடுமுன்பே செய்ய வேண்டியவை. முதலாளி மாதந்தோறும் 3 சதவீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.டி.எஃப்.) வெறும் சேமிப்பு அல்ல. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைத்தல் போன்றவற்றுக்கு அது உதவிப் பணம் தருகிறது. ஆனால் அந்த உதவி, பணம் கட்டப்பட்டுவரும் அங்கத்தவருக்குத்தான். கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருப்பவர், பில்லும் வைத்தியரின் கடிதமும் கையில் வைத்திருப்பவர், செக்ரோலில் பேர் இருக்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து (ஈ.பி.எஃப்.) மருத்துவத்துக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வசதியும் அப்படித்தான். பத்தாண்டு அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது 300,000 ரூபாயும் உள்ளவர்களுக்கான இந்த வசதி, வேலையில் இருப்போரை மனதில் வைத்து வந்தது.

அடுத்தது கடிதம். வேலை முடிந்த திகதியும் காரணமும் எழுதிய கடிதத்தைத் தோட்டக் காரியாலயத்தில் கேட்டு வாங்க வேண்டும். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்த தாளில் அவசரப்பட்டு ஒப்பமிடுவது பெரும் நட்டம். 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அந்த ஒப்பம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். நிறுத்தியது அநீதி என்று நினைப்பவர் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதங்களே அவகாசம்.

மூன்றாவது, பெயர். தோட்டப்புறத்தில் பணம் முடங்கிப்போவது பெரும்பாலும் இதில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய மூன்றாவது ஒன்று. தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும். முத்தம்மா, முத்தம்மாள், முத்துமா மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தோட்டம் பழைய கம்பனியிலிருந்து வேறு கம்பனிக்குக் கை மாறியிருந்தால் அங்கத்துவ இலக்கமும் மாறியிருக்கக்கூடும். பழைய இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இனிப் பணம். முதலில் வரவேண்டியது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டுகள் பூர்த்தி செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், மாதச் சம்பளக்காரருக்கு அரைமாதச் சம்பளம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், 20 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 378,000 ரூபாய். தானே விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் இது உரியது. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். தவணை தவணையாகத் தருகிறோம் என்றால் அப்பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம்.

ஈ.டி.எஃப். பணத்தை வேலை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்து எடுக்க ஐந்தாண்டு பொறுக்க வேண்டும். வேறு தோட்டத்தில் உடனே பேர் பதியப் போகிறவர் அவசரப்படாமல் விட்டுவைப்பதே மேல். ஈ.பி.எஃப். பணம் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் 'கே' படிவத்தில் கேட்கக்கூடியது. வேலை செய்ய முடியாதபடி நிரந்தரமாக உடல் தளர்ந்துவிட்டது என்று மருத்துவச் சான்று கிடைத்தால் வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து முதுகு போனவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை அரச வைத்தியசாலை எல்லாருக்கும் இலவசம். வேலை போனதால் அது மாறாது. தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, பலாங்கொடை, கஹவத்தை, கரவனெல்லை போன்ற கிட்டிய அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்து கிளினிக் கொப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் ஒரு மாத மருந்தாவது மிச்சம் இருக்கும்போதே பதிவது நல்லது. இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் அனுப்பும்போது பஸ் காசும், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனைகளும்தான் உண்மையான செலவு. சேவைக்காலப் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக வங்கியில் போட்டுவைப்பவர்கள் கடன் வாங்காமல் தப்பிக்கிறார்கள்.

காரியாலய, தொழிற்சாலை உத்தியோகத்தர்களுக்குச் சில கம்பனிகள் குழுக் காப்புறுதி எடுத்திருக்கும். அது எந்தத் திகதியோடு முடிகிறது, அதற்கு முந்திய பில்களை எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதே காப்புறுதிக் கம்பனி தனிநபர் காப்புறுதியாக மாற்றித் தருமா என்றும் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அதன் விருப்பம். புதிய காப்புறுதியில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமோ விலக்கோ இருக்கும். நோயை மறைத்து எழுதினால் பிறகு பணம் மறுக்கப்படும். 60 வயதை நெருங்குபவருக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், ஓராண்டுக் கட்டணத்தை ஒதுக்க முடியாதவர் இதில் இறங்காமல் இருப்பதே புத்தி.

பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி கேட்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சிபாரிசு, செலவு மதிப்பீடு, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, சிகிச்சைத் திகதிக்கு முன்பே கொடுப்பது பாதுகாப்பு.