மேகக் கணிமை: முதற் பாடம்

செஞ்சி இராஜகிரியின் அடிவாரத்துக் களஞ்சியத்தை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பீர்கள். கோட்டைக்கு வேண்டிய தானியம் அங்கே சேமித்துக் காக்கப்பட்டது. மேகக் கணிமையும் அத்தகைய பொதுக் களஞ்சியமே.

மேகம் என்பது பெயரளவில்தான். நம் கணக்குகள் தொலைவிலுள்ள தரவு மையத்தின் பெருங் கணினிகளில் பதிவாகின்றன; இணையத்தின் வழியே அவற்றை எழுதுகிறோம், படிக்கிறோம். மின்சாரத்துக்கு மீட்டர்ப்படி பணம் கட்டுவதுபோல், பயன்படுத்திய அளவுக்கே பெரும்பாலும் கட்டணம்.

இது கூட்டுறவுக்குப் புறம்பான செய்தியன்று. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை மேகத்தில் இயங்கும் பொது மென்பொருளில் இணைக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

இதனால் நன்மை யாது? சங்கக் கட்டடத்தில் வெள்ளம் புகுந்து பேரேடு நனைந்தாலும், நகல் வேறிடத்தில் இருப்பதால் கணக்கு பிழைக்கும்.

குறை யாது? இணையத் தொடர்பு அறுந்தால் வேலை நிற்கும். கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொன்னால் களஞ்சியத்தின் சாவியையே கொடுத்தவராவோம். நூற்கணக்கையோ கடன் தவணையையோ பிழையாக எழுதினால், பிழையே பத்திரமாகக் காக்கப்படும்.

ஆகவே, பணம் கட்டியதும் ரசீது பெறுவோம். பாஸ் புத்தகத்தோடு ஒப்பிடுவோம். களஞ்சியம் எங்கிருப்பினும் அளந்து பார்ப்பது நம் கடமை.