வரைபு பிழைத்தால் முதலில் திகதி நிரலைப் பாருங்கள்

மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள். ஐந்தின் கணினிப் பழுதுகளையும் ஒரே மாத அறிக்கையாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுதுப் பதிவு மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பை எடுத்து எக்செலில் திறந்து, மாதவாரியாகச் சலாகை வரைபும் போட்டாயிற்று. எடுத்தது 2025 ஜூலைக் கணக்கு. வரைபிலோ ஜனவரி முதல் டிசம்பர் வரை குட்டிக் குட்டிச் சலாகைகள்! வரைபை அழித்து எத்தனை தரம் புதிதாகப் போட்டாலும் அதுவே வரும்.

கோளாறு திகதியில். நாங்கள் நாளை முதலில் எழுதுகிறோம். கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், எக்செல் மாதத்தை முதலில் வாசிக்கும். 01/07/2025 ஜனவரி 7 ஆகும், 12/07/2025 டிசம்பர் 7 ஆகும். 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், 13ஆம் திகதியிலிருந்து எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக விட்டுவிடும். நிரலை அகலமாக்கிப் பாருங்கள். திகதிகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். ஒரே நிரலில் இரண்டும் கலந்திருந்தால் இதுதான் வியாதி. அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துகிறவர்களுக்கு இது கண்ணில் படாது, அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

எழுத்தாக நின்றவற்றை மட்டும் கையால் திருத்துகிறவர்கள் உண்டு. நிரல் பார்வைக்குச் சரியாகிவிடும், முதல் பன்னிரண்டு நாள்களின் கணக்கு பிழையாகவே கிடக்கும். கையால் திருத்தாமல் மூலக் கோப்பை மறுபடி எடுங்கள். அதை இரட்டைக் கிளிக்கில் திறக்கக்கூடாது, திறந்து சேமித்தால் மூலமும் கெடும். வெற்று விரிதாளில் ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரொம் டெக்ஸ்ட் சிஎஸ்வி’, பிறகு ‘ட்ரான்ஸ்ஃபோர்ம் டேட்டா’. திகதி நிரலின் தலையில் வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் டைப்’பின் அடியில் உள்ள ‘யூசிங் லொகேல்’ என்பதில் ‘டேட்’, ‘இங்கிலிஷ் யுனைட்டட் கிங்டம்’ இரண்டையும் தெரிவு செய்யுங்கள். இப்போது ஒரு கேள்வி எழும். ‘ரிப்ளேஸ் கரண்ட்’ என்பதையே அழுத்துங்கள். ‘அட் நியூ ஸ்டெப்’ அழுத்தினால் எக்செல் ஏற்கெனவே செய்த பிழையான மாற்றத்தின் மேல்தான் உங்கள் மாற்றம் ஏறும், பழைய குழப்பம் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் விண்டோஸின் பிராந்திய அமைப்பையும் மாற்றிவிட்டால் அடுத்த மாதம் இந்தப் பாடு இல்லை.

அடுத்தது எழுத்துரு. பாமினியில் தட்டிய பிரிவுப் பெயர்கள் அட்டவணையில் தமிழாகத் தெரியும், வரைபின் அச்சில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறங்கும். வரைபு தன் சொந்த எழுத்துருவில் எழுதுவதுதான் காரணம். அச்சுக்கும் பாமினி கொடுத்தால் தற்காலிகமாகத் தப்பலாம், ஆனால் பாமினி இல்லாத கணினியில் திறந்ததும் மீண்டும் குப்பைதான். யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

சலாகையே காணவில்லையா? வடிகட்டியில் மறைந்த நிரைகள் வரைபில் வராது, வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் பதிவே நடக்காத நாளுக்குப் பூச்சியம் போடாமல் வெறுமையாக விடுங்கள். பூச்சியம் போட்டால் அன்று பழுதே இல்லை என்றாகிவிடும்.

வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளின் வரைபில், காலை 9 மணிக்கு ஏற வேண்டிய கோடு அதிகாலை 3.30க்கு ஏறினால், அது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றினால் அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசம் போய்விடும்.

மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் வரைபைப் படமாக ஒட்டுங்கள், மூலச் சிஎஸ்வியைத் திறக்காமல் அந்த மாதத்தின் பெயரில் தனியாக வையுங்கள். இடமாற்றத்தில் அடுத்து அந்தக் கதிரைக்கு வருகிறவர் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.