எல்லாப் பருவத்திலும் நீர் அருந்துவோம்

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 60 சதவிகிதம் நீரேயாகும். கடும் வெயிலில் உழைப்பவரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் 1 லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறக்கூடும். தாகம் தோன்றுமுன்பே உடலில் நீர் குறையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, வெயிலில் வேலை செய்வோர் தாகத்தை எதிர்பாராமல், 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் நீர் அருந்துதல் வேண்டும். வியர்வையுடன் உப்பும் கழிவதால், உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் ஏற்றவை.

கோடையில் மட்டும் கவனித்தால் போதுமா? போதாது. மார்கழிக் குளிரில் தாகம் குறையினும், சுவாசத்தாலும் சிறுநீராலும் நீர் கழிந்துகொண்டேயிருக்கிறது. சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமாயிருப்பின், அருந்திய நீர் போதவில்லை என்று பெரும்பாலும் அறியலாம். முதியோருக்குத் தாக உணர்ச்சி குன்றிவிடுமாதலால், நாமே நினைவூட்டி நீர் கொடுத்தல் நலம். நீரின் அளவைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருப்போர் மட்டும் அவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

இங்கு மற்றொன்றையும் நாம் சிந்தித்தல் அவசியம். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களுள் பலர், ஒதுங்க மறைவிடம் இன்மையால், வேண்டுமென்றே நீரைத் தவிர்க்கின்றனர். இதனால் சிறுநீர்த் தாரையில் நோய் உண்டாக ஏதுவாகிறது. இவர்களிடம் நீர் அருந்துமாறு உபதேசிப்பதால் மட்டும் பயனில்லை. வேலைத்தலத்தில் நிழலும், மூடியிட்ட பானையில் தூய குடிநீரும், அருகே கழிப்பிடமும் வேண்டும். பஞ்சாயத்து வேலைகளில் இவற்றை அமைப்பது பஞ்சாயத்தின் கடமை. வயல்களில் நிலக்காரரின் கடமை. அடுத்த கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் இதற்கு ஆவன செய்வார்களாக.