ஹை-ஹேட்டுக்கு ஆட்டம் சேர்ப்போம்

ஹவுஸ் நடன இசையில் 'ட்ஸ்' என ஒலிக்கும் ஜோடித் தட்டுதான் ஹை-ஹேட். எல்.எம்.எம்.எஸ். என்ற இலவசத் தொகுப்பைத் திறந்து வேகத்தை 120 என அமைக்கவும். ஒவ்வொரு டிரம்முக்கும் 16 கட்டங்கள் தெரியும். கிக் டிரம்மை 1, 5, 9, 13-லும், திறந்த ஹை-ஹேட்டை 3, 7, 11, 15-லும் க்ளிக் செய்யவும். மற்ற கட்டங்களில் மூடிய ஹை-ஹேட். இயக்கினால் தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும்!

இரட்டைப்படைக் கட்டங்களின் மீது மவுஸ் சக்கரத்தை உருட்டி ஒலியைப் பாதியாக்குங்கள். பின் வலது க்ளிக் செய்து பியானோ ரோலில் திறந்து, அந்த நோட்டுகளை மட்டும் சற்று வலப்புறம் நகர்த்துங்கள். இதுதான் ஸ்விங். இந்த வேகத்தில் ஒரு கட்டம் 125 மில்லிசெகண்ட். 20 மில்லிசெகண்ட் தாமதமே போதும். 1988-ல் வந்த அகாய் எம்.பி.சி. 60 கருவியில் ரோஜர் லின் இதைச் சதவீதமாகவே வைத்திருந்தார். அந்தக் கணக்கில் இது 58. ஹவுஸுக்கு நான் அதைத் தாண்டுவதில்லை. தாண்டினால் தாளம் நொண்டுகிறது.