ஸ்கேன் ஜாதகம் சொல்லுமா?

கேள்வி: 28 வாரத்தில் பிறந்த என் பேரனுக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்தால், பின்னால் எப்படி வளர்வான் என்று தெரிந்துவிடுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஓரளவுக்குத்தான், அம்மா. பிறந்த புதிதில் உச்சிக்குழி வழியே எடுக்கும் அல்ட்ராசவுண்டிலேயே பெரிய ரத்தக்கசிவு தெரிந்துவிடும். எம்ஆர்ஐ காட்டுவது அதைவிட நுட்பமான, மூளையின் வெண்பொருள் (நரம்பிழைப் பகுதி) சேதத்தை. முழுமாதத்தில் பிரசவம் ஆகவேண்டிய தேதி வாக்கில் எடுப்பார்கள். பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்தாலே பெரும்பாலும் போதும், மயக்க மருந்து வேண்டாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எம்ஆர்ஐ எடுத்த 167 குறைமாதக் குழந்தைகளை இரண்டு வயதுவரை கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, வெண்பொருள் பாதிப்பு கூடக்கூட மூளைவாதமும் அறிவு வளர்ச்சித் தாமதமும் கூடுவதைக் காட்டியது. ஆனால் படம் நன்றாக இருந்தும் பின்தங்கியவர்கள் உண்டு. படத்தில் கோளாறு இருந்தும் நன்றாக வளர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2015இல், எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வழக்கமாக இதை எடுக்க வேண்டாம் என்றது.

நானாக இருந்தால், மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுப்பேன். பிரசவம் ஆகவேண்டிய தேதியிலிருந்து மூன்று மாத வாக்கில் குழந்தை கைகால் அசைப்பதை வீடியோவில் பார்த்து மதிப்பிடும் பரிசோதனை இருக்கிறது. மூளைவாதத்தைக் கணிக்க நம்பகமானது. அதைக் கேளுங்கள். கண், காது பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.